ஏலக்காய் என்ற தலைப்பின் கீழ்

எண்பத்திரண்டில் எம்.எஸ்ஸி. ஆய்வுக்கட்டுரைக்கு ஒச்சம்மாள் எடுத்துக்கொண்ட விஷயம், ஏலத்தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்து. எடுத்ததற்குக் காரணம் அண்ணன் மொக்கையனின் கை. மருந்தடித்துவிட்டு மலையிலிருந்து சொந்த ஊரான சிலமலைக்கு வரும்போதெல்லாம் காப்பித் தம்ளரைக்கூடப் பிடிக்கமாட்டாமல் அது நடுங்கியது. கேட்டால், "குளிருது ஆத்தா" என்பான். சித்திரை மாதத்தில் என்ன குளிரோ.

"கெடுதின்னு அச்சுல வந்தத நான் காட்டுனா, மருந்தடிக்கிறத விட்டுருவியாண்ணே?"

"காட்டு, விட்டுர்றேன்."

காலை ரயிலில் மதுரைக்குப் போனாள். பல்கலைக்கழக நூலகத்தில் ஆராய்ச்சிச் சுருக்கங்கள் துறைவாரியாகத் தலையணைப் பருமனுள்ள தொகுதிகளாக அடுக்கியிருந்தார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு தொகுதிதான் தருவார்கள். யோசிக்க என்ன இருக்கிறது? போடிப் பக்கத்து ஆளுக்கு உலகமே ஏலக்காய்தான். வேளாண்மை ஒன்று, பூச்சியியல் ஒன்று என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

ஏலக்காய் என்ற தலைப்பின் கீழ் கொட்டிக் கிடந்தது. எந்த மருந்துக்கு எந்தப் பூச்சி சாகும், காய் எவ்வளவு கூடும், எல்லாம் இருந்தது. கையொடிய எழுதினாள். மதியத்துக்கு மேல்தான் உறைத்தது, மருந்து அடித்தவன் ஒருத்தன்கூட அதில் இல்லை என்று. செடியைத் தேடப்போய் அண்ணனை விட்டுவிட்டோமே என்று நோட்டை மூடினாள்.

கெஞ்சிக் கூத்தாடி ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, மருத்துவத் தொகுதியை வாங்கினாள். அதில் ஏலக்காய் என்ற பேச்சே இல்லை. மருந்து தெளிப்பவர்கள் என்று தேடினாள். எங்கோ ஒரு தேசத்து ஆரஞ்சுத் தோட்டத்தில், அதே மருந்தை அடித்தவர்களுக்குக் கை நடுங்கியிருந்தது, கண் மங்கியிருந்தது. வேலையை நிறுத்தாதவர்களில் சிலர் பிழைக்கவில்லை. ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் விடியலில், போடியில் தோட்டத்து ஜீப்புக்கு நின்றிருந்த அண்ணனிடம் அதை வாசித்துக் காட்டினாள்.

"எங்கன நடந்துச்சாம்?"

"ஆரஞ்சுத் தோட்டத்துல."

அவன் முகம் தெளிந்தது. "அதானே பாத்தேன். நம்மது ஏலம்ல ஆத்தா."

"மருந்து ஒண்ணுதாண்ணே. அடிக்கிறதும் மனுசந்தான்."

"ஏலக்காயின்னு போட்டுருக்கா, இல்லையா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை. "இல்ல" என்றாள்.

"அப்பறம் என்ன. சோலி கெடக்கு, வர்றேன்."

ஜீப்பில் ஏறிக் கம்பியைப் பிடித்தான். ஒரு கை போதாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வண்டி மலையேறும் முந்தல் ரோட்டில் திரும்பி மறையும் வரை ஒச்சம்மாள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.