புல்வெட்டி ஓடிய அரைமணி

எங்கள் ரேடியோ தொலைநோக்கியின் டிஷ் நேரே மேலே பார்த்து நின்றால் தூங்குகிறது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடமாக அதன் பற்சக்கரங்களுக்கு கிரீஸ் போடுகிறவன் நான். எனக்கு அப்படித்தான் கணக்கு. சாய்ந்து நின்றால் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்போது வளாகத்தில் பெட்ரோல் இயந்திரம் எதையும் ஓட்டக் கூடாது. அதன் தீப்பொறி டிஷ்ஷின் காதில் இரைச்சலாக விழும்.

போன செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்கு டிஷ் மேலே பார்த்து நின்றது. இடுப்பளவு வளர்ந்திருந்த புல்லை அரைமணி நேரம் வெட்டித் தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நட்சத்திர ஆராய்ச்சி செய்கிற ஆய்வாளரம்மா ஒரு தாளோடு என் கருவி அறைக்கு ஓடி வந்தார்.

“அண்ணே, மூணு வருஷம்! கடைசியில ஒண்ணு மாட்டிடுச்சு!”

நம் பால்வெளிக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி விண்மீன் மண்டலம் இருக்கிறதாம். வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் மிச்சம் அங்கே பம்பரமாய்ச் சுற்றி, ரேடியோ அலையில் துடிக்கும். பல்சார் என்பார்கள். அதிலும் இளசாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

“இது பச்சைக் குழந்தைண்ணே. ரெண்டாயிரம் வயசுதான் இருக்கும்.”

“அப்ப நான் இன்னும் பொறக்கவே இல்லம்மா.”

சிரித்தார். “செவ்வாய்க்கிழமை தலைக்கு நேர் மேல வந்துச்சு. பதினொண்ணேகாலுக்கு.”

அப்படியானால் அன்று டிஷ் மேலே பார்த்து நின்றது தூங்க அல்ல, கேட்க. நான் புல் வெட்டியதை யாரும் பார்க்கவில்லை, வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் இவர் உலகத்துக்கே சொல்லிவிட்ட பிறகு, அது என் புல்வெட்டி என்று தெரிந்தால்?

சொல்லிவிட்டேன். கிரீஸ் டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வானத்துலேர்ந்து வர்ற மாதிரிதான் இருக்கு. ஆனா ரொம்ப மங்கல். இனிமே சத்தியம் பண்ண மாட்டேன். திரும்பக் கேக்கலாம்னா டிஷ்ல எனக்குக் குடுத்த நேரம் நேத்தோட முடிஞ்சுது. இனி அடுத்த வருஷம்தான்.”

“இன்னிக்குப் பத்தரைலேர்ந்து பன்னண்டரை வரைக்கும் டிஷ் யாருக்கு?”

“உங்களுக்குத்தான். கிரீஸ் போட.”

“நாளைக்குப் போட்டுக்கறேன். நீங்க கேளுங்க.”

டிஷ்ஷைத் திருப்புகிற ஆபரேட்டர், நாங்கள் எல்லோரும் ‘பிரேக்’ என்று கூப்பிடுகிறவன், வழக்கம்போல் முட்டுக்கட்டை போட்டான்.

“மாமா, சக்கரத்துப் பல்லு தேஞ்சா உன் தலையிலதான் விடியும்.”

“ஒரே நாள்ல தேயறதுக்கு அது என்ன உன் பல்லாடா?”

முணுமுணுத்துக்கொண்டே திருப்பினான். நான் புல்வெட்டியைப் பூட்டிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். பைக்கில் வந்த தபால்காரரை இறங்கித் தள்ளிக்கொண்டு வரச் சொன்னேன். திட்டினார், ஆனாலும் தள்ளினார்.

கணினி கணக்குப் போட்டு முடிக்க இரண்டு மணியாயிற்று. திரை முழுக்கச் சாம்பல் புள்ளிகள். அம்மா விரல் வைத்துக் காட்டிய பிறகுதான், மேலிருந்து கீழே இறங்கும் மெல்லிய கோடு என் கண்ணுக்குத் தட்டுப்பட்டது.

“வினாடிக்குப் பதினேழு தடவை. அதே துடிப்புதான்ண்ணே. டிஷ்ஷ வேற பக்கம் திருப்பினப்ப அது இல்ல. அப்ப உங்க புல்வெட்டி இல்ல, வானம்தான்.”

கூட ஆராய்ச்சி செய்கிற தோழிக்குப் போன் போட்டு, “இருக்கு” என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் கத்திய கத்தல் கதவோரம் நின்ற எனக்கே கேட்டது.