இணைப்பு: புகைப்படம் ஒன்று

1.

இருந்தவர்கள் நால்வர். சாய்வு நாற்காலியில் சகலை, மடியில் புதுக் கேமரா. சன்னலை ஒட்டிய நாற்காலியில் மனைவி. கட்டில் விளிம்பில் அவள் தங்கை, அதாவது சகலையின் மனைவி. கதவோரம் முக்காலியில் கடிதக்காரர். அலுவலகத்தில் கடிதப் பிரிவில் இருப்பதால் அந்தப் பெயர்.

எதையும் வருகைப் பதிவோடு தொடங்குவது என் பழக்கம். ஒரு கடிதத்துக்காக எடுத்து, அதில் எழுத முடியாமல் போன குறிப்புகள்தான் இந்தக் கதை. வெளியூரில் படிக்கும் மகள் கேட்டிருந்தாள்: அம்மா முகம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று.

[கடிதக்காரர் யார் என்று கேட்காதீர்கள். பொறாமைப்படுகிறவனைப் படர்க்கையில் வைத்துவிட்டால் எழுதச் சௌகரியம்.]

2.

"மாலை மழை அந்த அறையை மெல்லத் தன்..." வேண்டாம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. போதாதென்று சகலை எழுந்து விளக்கையும் அணைத்தார். குறைந்த வெளிச்சத்தில்தான் இந்தக் கேமராவின் சாமர்த்தியம் தெரியுமாம். ஃபிளாஷ் வேண்டாம்; ஷட்டர் அரை நொடி திறந்திருக்கும்; அசைந்தவர் கலங்கிப்போவார், அசையாதவர் துல்லியமாக விழுவார். பத்து நிமிடம் விளக்கினார். தங்கை கொட்டாவியை மறைக்கக்கூட இல்லை. பிறகு கடிதக்காரரின் மனைவியை மூச்சை அடக்கச் சொன்னார். அடக்கினாள்.

[இருபத்திரண்டு வருடத்தில் கடிதக்காரர் சொல்லி அவள் எதையாவது அடக்கியதாக...]

கடிதக்காரரும் கேமராவை வாங்கிப் பார்த்தார். அதே இடம், அதே அரை நொடி. முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டு அழுத்தினார்.*

* ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கண் வைத்துப் பார்க்கும் துளை இருண்டுவிடும். அந்த அரை நொடி அவள் என்ன செய்தாள் என்பது எடுத்தவருக்கு மட்டும் தெரியாது. தங்கை சிரித்தது காதில் விழுந்தது.

3.

சகலை இரண்டையும் அச்சிட்டுக் கொண்டுவந்தார். அவர் எடுத்ததில் மனைவியின் புருவ முடியை எண்ணலாம். கடிதக்காரர் எடுத்ததில் நாற்காலியிலிருந்து ஒரு வெள்ளைப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

"கேமரா ஒண்ணுதான் சகலை. கைதான் வேற" என்றார் கடிதக்காரரிடம்.

அவர் போன பிறகு கடிதக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். சன்னல் கம்பி, காலண்டர் தேதி, நாற்காலியின் ஆணி, எல்லாம் ஊசி முனையாய் இருந்தன. கை ஆடவில்லை. ஆடியிருந்தால் மானம் மட்டும்தான் போயிருக்கும். அசைந்தது அவள்.

4.

இனிப் படர்க்கை தாங்காது. கடிதக்காரர் நான்தான்.

இங்கே இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

(அ) ஏன் அசைந்தாய் என்று கேட்டேன். "அவர் மூச்சை அடக்கச் சொன்னார். நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

(ஆ) கேட்டேன். "உங்க காலர் மடங்கியிருந்துச்சு, சரி பண்ண எழுந்தேன்" என்றாள்.

எனக்குப் பிடித்தது ஆ. அதனாலேயே அதில் நம்பிக்கையில்லை. உண்மையில் நான் கேட்கவேயில்லை. தங்கையைக் கேட்கலாம், கேட்டால் அடுத்த நிமிடம் சகலைக்குப் போய்விடும்.

5.

கடிதத்தை முடித்து, அடியில் வழக்கம்போல் "இணைப்பு: புகைப்படம் ஒன்று" என்று போட்டேன். இரண்டு படங்களையும் உறையோடு மனைவியிடம் நீட்டினேன். அவள் தயங்கவில்லை. நான் கோந்து தேடும் சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"எதை வெச்சேன்னு பாக்கலையா?"

"நீ வெச்சா சரி."

"கேட்டா என்ன, வாய் வலிக்குமா?"

மிச்சப் படத்தைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

தெளிவானது போயிருந்தால் மகள் கேட்டது கிடைத்தது. பீரோவில் இருப்பது என் புகை. புகை போயிருந்தால், பீரோவில் சகலையின் கைவண்ணம். அனுப்பியது பெரிதா, வைத்துக்கொண்டது பெரிதா? என்னால் தீர்மானிக்க முடியவில்லை, முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

உறையை ஒட்டினேன். கோந்து காயும்வரை கையிலேயே வைத்திருந்தேன். பிறகு தெருமுனைக்கு நடந்து பெட்டியில் போட்டேன். அடியில் விழுந்த சத்தம் கேட்டது.