பாலத்தில் யார் பங்கு எவ்வளவு

விரிசல் விட்ட ஆற்றுப்பாலத்தைப் புதுப்பிக்கும் செலவில் எந்த வண்டிக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கும் வேலை, சாலைத்துறைப் பொறியாளரான அவளிடம் வந்தது.

வண்டிகளை எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடலாம். மேலதிகாரியும் அதைத்தான் சொன்னார். "எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வலிக்கும். யாரும் வாய் திறக்க மாட்டாங்க."

ஆனால் பாலத்தை உடைத்தது எண்ணிக்கை அல்ல, எடை. சைக்கிளும் காரும் காலம் முழுக்க ஓடினாலும் அந்தத் தளம் தாங்கியிருக்கும். நொறுக்கியவை கல் லாரிகள். அவள் எடைப்படி பிரித்தாள். பெரும்பங்கு லாரிகளின் தலையில் விழுந்தது.

அவள் அண்ணனிடம் இருந்ததும் ஒரு கல் லாரிதான். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்த லாரி.

மேலதிகாரிக்கு அது தெரியும். "அண்ணன் பொழப்புல நீங்களே மண்ணள்ளிப் போடுறீங்கம்மா."

"தெரியும் சார்," என்று கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பங்கு, பாலத்தைக் கடக்கும் புதிய கட்டணமாக நடைமுறைக்கு வந்தது. பெரிய கம்பெனிகள் தாக்குப்பிடித்தன. ஒற்றை லாரிக்காரர்கள் தள்ளாடினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"பாலத்துக் கணக்கு நீ போட்டதாமே?"

"ஆமாண்ணா."

"சரியாப் போட்டியா?"

"சரியாத்தான் போட்டேன்."

"அப்ப விடு. வண்டியக் குடுத்துடலாம்னு இருக்கேன். நீயும் வா. தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

பட்டறை வாசலில் வாங்க வந்தவர் லாரியில் ஏறி உட்கார்ந்தார். "மூணாவது கியர் முரண்டு பிடிக்கும். கிளட்ச முழுசா மிதிச்சுப் போடுங்க," என்றார் அண்ணன். லாரி தெருமுனையில் திரும்பியது. அவள் அதைப் பார்த்தாள். நெஞ்சுக்குள் எதுவும் அசையவில்லை.

அண்ணி போன் செய்தாள். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணி."

"அழுதாரா?"

"இல்ல."

"நீ?"

"இல்ல அண்ணி."

அண்ணிதான் போனை வைத்தாள்.

அண்ணன் ஒரு கம்பெனி லாரியில் சம்பள டிரைவராகச் சேர்ந்தார். அதே கல், அதே பாலம். கட்டணம் மட்டும் முதலாளியுடையது. ஒரு மதியம் அவளுடைய அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"பாலத்துல ஒரு பக்கத்த மூடிட்டாங்க. ஆளுங்க வேலை பாக்குறாங்க."

"ஆமாண்ணா. இந்த வாரந்தான் ஆரம்பிச்சாங்க."

"நல்லாத்தான் பண்றாங்க," என்றார். "சாப்டியா?"

"இனிமேதான்."

போனை வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தாள். பசிக்கிறதா என்று தெரியவில்லை. சாப்பிட்டாள்.