கொம்பு வண்டு பிடிபடக் கூடாது

லிஃப்ட் மெக்கானிக்கின் கை நடுங்கினால் பிழைப்பு ஓடாது. இருபது மாடி உயரத்தில், லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டே போல்ட் முடுக்குகிறவர் அவர். அந்தக் கைதான் இப்போது சோபாவில் உட்கார்ந்து வீடியோ கேம் ரிமோட்டைப் பிடித்தபடி நடுங்குகிறது. காரணம் ஒரு வண்டு. அதுவும் நிஜ வண்டுகூட இல்லை.

டிவியில் தெரிவது ஒரு சின்னத் தீவு. அவரும் மனைவியும் சேர்ந்து கட்டியது. ஒரு வருடப் பயிற்சிக்காக அவள் தொலைதூர நகரத்துக்குப் போனதிலிருந்து, சாயங்காலமானால் தன் அறையிலிருந்தே கேமுக்குள் நுழைந்து இந்தத் தீவுக்கு வந்துவிடுவாள். ஹெட்செட்டில் பேசிக்கொண்டே இருவரும் அந்தந்த மாதத்துப் பூச்சிகளைத் தேடுவார்கள். போனில் என்றால் "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். பூச்சி தேடும்போது மட்டும் மனுஷி வாயை மூடமாட்டாள்.

பிடித்த பூச்சிகளை வைக்கிற தீவின் மியூசியத்தில் ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டிதான் காலி. அது கொம்பு வண்டுக்கானது. "அது மட்டும் கிடைச்சா முடிஞ்சுதுங்க" என்று மாத ஆரம்பத்தில் அவள் சொன்னபோதே இவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முடிந்த பிறகு அவள் எதற்கு வருவாள்? அன்றிலிருந்து தென்னை மரத்தில் வண்டு தெரிந்தால் போதும், தடதடவென்று ஓடுவார். காலடிச் சத்தம் கேட்டதும் அது பறந்துவிடும். பூனை மாதிரி நடந்து போய்த்தான் வலை வீச வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததா? "ஐயோ, போச்சே!" என்று நடிப்பு வேறு.

இன்று மாதக் கடைசி. விடிந்தால் சீசன் முடிந்தது. அவள் வருவதற்கு முன்பே வண்டு மரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

"நாளைக்கு விட்டா அடுத்த வருஷம்தாங்க" என்று நேற்று அவள் பெருமூச்சு விட்டாள். பெண்டாட்டி ஆசைப்பட்ட ஒன்றைத் தன் பயத்துக்காகக் கெடுக்கிறோமே என்று ராத்திரி முழுக்க மனசு உறுத்தியது. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

நடந்தார். வண்டு கொம்பை அசைத்தது, நின்றார். மறுபடி ஒரு அடி. ஓடுவதற்கான பட்டன் மேல் கட்டைவிரல் தானாகப் போயிற்று. இழுத்துக்கொண்டார். வலை விழுந்தது.

பிடிபட்ட வண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்.

அவள் வந்ததும், "பிடிச்சுட்டேன்" என்றார்.

ஹெட்செட்டைத் தட்டிப் பார்த்தார்.

"கேக்குதா? மியூசியத்துல குடுத்துடலாமா?"

"ஏங்க அதைப் பிடிச்சீங்க?" என்றாள்.

"நீதானே வேணும்னு சொன்னே!"

"எனக்கு முதல் வாரமே ஒண்ணு கிடைச்சுது. உங்ககிட்ட சொல்லாம ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"அந்தப் பெட்டியும் நிரம்பிட்டா, அப்புறம் நீங்க எதுக்கு தினமும் வந்து உக்காரப் போறீங்க?"

மெக்கானிக் ஒரு பட்டனை அழுத்தினார். வண்டு ரீங்காரமிட்டபடி மரங்களுக்கு மேலே போய் மறைந்தது.

"என்னங்க செஞ்சீங்க?"

"விட்டுட்டேன். அடுத்த வருஷம் நீ பக்கத்துல உக்காந்திருக்கும்போது பிடிக்கலாம்."