இரண்டாவது சத்தம்

"முதல்ல 'டக்'னு ஒண்ணு. அதுக்குப் பின்னாலேயே 'ங்ங்'னு மெலிசா ஒரு இழுப்பு. ரெண்டு சத்தமாக்கும், சத்தியதாஸே. ஒண்ணில்லை."

வெங்கடேஸ்வரன் இதை விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். லைனில் வரும் இரைச்சலைக் கேட்டே கோளாறு எந்தத் தெருவில் என்று சொல்லிவிடுவாராம், சொல்வதும் அவர்தான். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் காது மட்டும் டியூட்டியில் இருந்தது. வலியசாலைத் தெருவில் யார் வீட்டு மிக்ஸியில் புஷ் தேய்ந்துபோய்விட்டது என்று வாசலில் நின்றபடியே சொல்வார். யாரும் கேட்டதில்லை.

கிள்ளிப்பாலத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சத்தியதாஸ் பாறசாலைக்காரர். அவர் வெங்கடேஸ்வரனின் பழைய மாருதியின் முன் மூலையை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டார். ஒரு தடவை எழும்பி நிற்க வேண்டிய வண்டி, நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தார்.

"குலுக்கம் தாங்குத ஸ்ட்ரட்டு போயாச்சு, சாமி. ஆயில் ஒழுகி மண்ணு பிடிச்சிருக்கு, பாத்தியளா? ரெண்டு சைடும் சேத்துத்தான் மாத்தணும். ஒண்ணை மட்டும் மாத்தினா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்."

"அந்த ரெண்டாவது சத்தம்?"

"ஓட்டிப் பாப்போம்."

வெங்கடேஸ்வரன் ஓட்ட, சத்தியதாஸ் முன் சீட்டில் குனிந்து காதைக் கொடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு குழிக்கும் 'டக்' ஒழுங்காக வந்தது. இழுப்பு வரவில்லை. பின் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார். அப்போதும் இல்லை.

"எனக்குக் கேக்கல்லியே, சாமி."

"கேக்கும். நான் தினம் கேக்கறேன். நேத்திக்கு ஆஸ்பத்திரி போறச்சே பத்துக் குழிக்குப் பத்துத் தடவை."

"டக்குக்கு நான் பொறுப்பு. மத்ததுக்கு இப்பம் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." சத்தியதாஸ் அத்துடன் விட்டுவிட்டார். வெங்கடேஸ்வரனுக்கு அவர் காதின்மேல் சற்று இளக்காரம் வந்தது.

இந்த வண்டி இப்போது போவது ஒரே இடத்துக்குத்தான். மனைவி கௌசல்யாவுக்குக் கட்டி முதுகெலும்பு வரை பரவிவிட்டிருந்தது. கரண்டு வைக்க, அதாவது ரேடியேஷனுக்கு, வாரத்தில் ஐந்து நாள் கூட்டிப்போக வேண்டும். ஆட்டோ தூக்கித் தூக்கிப் போடும் என்று டாக்டரே வேண்டாம் என்றார். பின் சீட்டில் தலையணைகளை அடுக்கி, இடது பக்கமாக அவளைச் சாய்த்து உட்கார வைத்து, இவர் இரண்டாவது கியரிலேயே ஓட்டிப்போவார். "வலிக்கறதா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லை, ரோட்டைப் பாருங்கோ" என்பாள். நோயை இவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வண்டியையாவது செய்யலாம். அவளை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, குலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்பது அவருக்கு வெறி மாதிரி பிடித்திருந்தது. அவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "அது பாட்டுக்குச் சத்தம் போடட்டுமே, நமக்கென்ன" என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டாள். ஒர்க்‌ஷாப்பில் இவர் வெயிலில் காய்வாரே என்று பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. சத்தியதாஸ் சக்கரங்களைக் கழற்றி, ஸ்பிரிங்கைக் கிளாம்பு போட்டு அமுக்கி, பழைய ஸ்ட்ரட்டை உருவினார். அதன் தண்டைக் கையால் அழுத்த, உள்ளே போனது அங்கேயே கிடந்தது. புதியதை அழுத்தியபோது நிதானமாக மேலே வந்தது. வெங்கடேஸ்வரன் வாங்கித் தானும் இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது வேண்டுமென்றே குழிகளில் இறக்கினார். 'டக்' இல்லை. இழுப்பும் இல்லை. "கேட்டியா?" என்று காலியான பின் சீட்டைப் பார்த்துச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை கௌசல்யாவை உட்கார வைத்துவிட்டு, "இன்னிக்குப் பாரு, வெண்ணெயாப் போகும்" என்றார். அவள் சிரித்தாள். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். தம்பானூர், பாளையம் எல்லாம் பஸ் இரைச்சலில் கடந்துபோயிற்று. வண்டி உண்மையாகவே நன்றாகப் போனது. பட்டம் தாண்டியதும் சந்தடி குறைந்தது. குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய இடம் ஒன்று வந்தது. வண்டி சத்தமே இல்லாமல் இறங்கி ஏறியது.

'ங்ங்.'

பின் சீட்டிலிருந்து. இடது பக்கத்திலிருந்து.

வெங்கடேஸ்வரன் கண்ணாடியில் பார்த்தார். முந்தானைச் சுருட்டு அவள் பல்லுக்கிடையில் இருந்தது. இத்தனை நாளும் அவள் ஒவ்வொரு குழிக்கும் காத்திருந்து, அந்த 'டக்'கின் மறைவில்தான் முனகிக்கொண்டு வந்திருக்கிறாள். இவரோ அதைக் காது கொடுத்துக் கேட்டு, விரல் மடக்கி, மெக்கானிக்கிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு இருந்த ஒரே மறைவையும் நேற்று அவரே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தார். அழுகையை அடக்க ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

முந்தானையை எடுத்துவிட்டு அவள்தான் முதலில் பேசினாள்.

"ஏன்னா, வண்டி இன்னும் சரியாகல்லை போலிருக்கே."

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை ரோட்டுக்குத் திருப்பினார்.

"ஆமாம்," என்றார். "மறுபடியும் கொண்டுபோய்க் காட்டணும்."

குமாரபுரம் இறக்கத்தில் ரோடு மறுபடியும் பெயர்ந்து கிடந்தது. எதிரே வண்டியில்லை, ஆளில்லை. முன் சக்கரம் குழியில் இறங்குவதற்கு முன்பே வெங்கடேஸ்வரன் ஹார்னில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பின் சக்கரமும் ஏறிக் கடந்த பிறகும் எடுக்கவில்லை. ஓரத்து டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் வெளியே வந்து, "ஆரைக் கண்டிட்டாடோ ஈ ஹார்ன்?" என்று மலையாளத்தில் கத்தினார். வெங்கடேஸ்வரன் காலி ரோட்டைப் பார்த்தபடி அழுத்திக்கொண்டே போனார்.