தகரப் படத்தில் பசுவின் காது

குதிரை வண்டிக்குள்ளேயே இருட்டறை வைத்துக்கொண்டு நெப்ராஸ்காப் புல்வெளியெங்கும் படம் பிடித்துத் திரிந்த ஆஸா பிரிங்கிளுக்கு ஆசை ஒன்றுதான்: கண்ணாடிக் கூரை வேய்ந்த ஸ்டூடியோவில் நிலையாக அமர வேண்டும்.

இலையுதிர்காலத்தில் சிறு விவசாயி வோய்தாவின் குடும்பத்தைப் பசுவோடு நிறுத்தித் தகரத் தகட்டில் இரண்டு படம் எடுத்தார். ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தார். மற்றதைத் தம் வண்டியில் மாட்டினார். பனி வழியை அடைத்தது. குளிர்காலம் முழுவதும் அவர்கள் வீட்டிலேயே தங்கினார். வோய்தாவின் மனைவி லுட்மிலா பிள்ளைகளின் சூப்பில் அவருக்கும் பங்கு வைத்தாள். அவர் பசுவைக் கறந்து கொடுத்தார். பனி உருகுமுன் பசு செத்தது, ஓநாய்கள் தின்றுவிட்டன.

வசந்தத்தில் பெரும்பண்ணைக்காரர் ஹாலிஸ் வண்டியிலிருந்த படத்தைப் பார்த்தார். வலது காதைக் கீறுவது அவர் பண்ணையின் அடையாளம். இடது காதைக் கீறுவது வோய்தாவினுடையது. படத்துப் பசுவுக்குக் கீறல் வலது காதில் இருந்தது. மாட்டுத் திருட்டு வழக்கு நான் ஆசிரியராக இருந்த பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. தோற்றால் வோய்தாவுக்குச் சிறை, நிலமும் போய்விடும்.

"பிரிங்கிள், கேமரா பொய் சொல்லுமா?" என்றார் நீதிபதி.

"சொல்லாதுங்க ஐயா."

"ஆஸா, அந்த மாட்ட நீதானடா கறந்த? எந்தக் காதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று கதறினான் வோய்தா.

ஆஸா தரையைப் பார்த்தார். கடைவீதியில் ஹாலிஸின் ஆட்கள் ஏற்கெனவே அவருக்காகக் கண்ணாடிக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பால் குடிச்ச பூனை பேசுமாப்பா!" என்று பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்.

லுட்மிலா சால்வைக்குள்ளிருந்து தங்கள் படத்தை எடுத்தாள். "இங்க பாருங்க ஐயா. அறுப்பு மெஷின் இவரு வலக்கை விரலத்தான் தின்னுச்சு. படத்துல இடக்கை விரலக் காணோம். அப்ப பக்கத்துல நிக்கறது என் புருஷனே இல்லையா?"

சிரிப்பு எழுந்து அடங்கியது. நீதிபதி ஆஸாவை நோக்கினார்.

"தகரத்துல இடம் வலமாத்தான் விழுங்க," என்றார் ஆஸா மெல்ல.

"முதல்லயே தெரியுமா?" என்றார் நீதிபதி.

வோய்தா விடுவிக்கப்பட்டான்.

வாசலில் ஆஸா ஓடிவந்தார். "அக்கா, கண்ணாடித் தகட்டுல வேற படம் எடுத்துத் தரேன். அதுல எல்லாமே நேரா இருக்கும்."

"வேணாம் தம்பி," என்றாள் லுட்மிலா. "அதுக்கு நீ எங்க முகத்தப் பாக்கணுமே."

வோய்தா குதிரையைத் தட்டினான். வழக்கில் வென்றவன் அவன்தான். ஆனால் வீடுவரை அழுதுகொண்டே போனான்.