மதினிக்கு அடியில் இருந்தவர்

பாளையங்கோட்டையின் அந்தக் குடியிருப்பில் அறைகள் எல்லாம் கம்ப்யூட்டர் டிஸ்க்கில்தான் இருந்தன. அறைக்கு ஒரு பார்ட்டிஷன். வேண்டியதை வேண்டிய கதவில் மவுண்ட் செய்து, அதாவது ஏற்றிக்கொண்டு, புழங்க வேண்டும். ஏற்கெனவே அறை இருக்கும் கதவில் இன்னொன்றை ஏற்றினால், பழையது அப்படியே அடியில் மறைந்திருக்கும். மேலே உள்ளதை இறக்கினால் திரும்ப வரும். ஆனால் உள்ளே ஆள் இருந்தால் இறக்க முடியாது, 'பிஸி' என்று கதவு கையை விரித்துவிடும். அதனால் ஏற்றும் முன் "உள்ள யாரு?" என்று குரல் கொடுப்பது வழக்கம்.

அன்று மங்கையர்க்கரசி குரல் கொடுக்கவில்லை. புருஷனின் அக்கா வடிவு சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வந்து நின்றதில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விருந்தினர் அறையைப் படுக்கையறைக் கதவில் ஏற்றி மதினியை உட்காரவைத்தாள். காபி ஆற்றும்போதுதான் உறைத்தது. படுக்கையறையில் அவள் கணவன் குற்றாலநாதன் தூங்கிக்கொண்டிருந்தான். அன்று மாதாந்திர மின்தடை. கரண்ட் போகும் நேரத்தில் அடியில் இருப்பவர்கள் பிறகு வருவதில்லை.

"மதினி, கொஞ்சம் வெளிய வாங்க. அவுக உங்களுக்கு அடியிலதான் இருக்காக."

வடிவு ஒரு வாய் காபி குடித்தாள். "அக்கா வந்திருக்கேன், எட்டிப் பாக்கல. அவன் வந்து வாங்கன்னு சொல்லட்டும், எந்திரிக்கேன்."

"நீங்க எந்திரிச்சாத்தானே அவுக வரமுடியும்?"

"வந்தாத்தானே நான் எந்திரிப்பேன்?"

அதிலும் நியாயம் இருந்தது. அரசி மதினியின் காலைப் பிடித்துக்கூடப் பார்த்தாள். மதினி காலை மடக்கிக்கொண்டாள்.

வாசலில் பெல் அடித்தது. முன்பின் தெரியாத ஒருவர் நின்றிருந்தார்.

"நேத்து சாயங்காலம் கதவு மாறி உங்க வீட்டை எங்க வீட்டு மேல ஏத்திட்டேம்மா. அடியில என் வீட்டுக்காரி இருக்கா. எல்லாரும் செத்த வெளிய வரணும்."

அரசி அந்த வீட்டில் பதினோரு வருஷமாகக் குடியிருந்தாள். நேற்றுதான் ஏற்றினார் என்றால் நேற்றுதான். அவள் மதினி பக்கம் கையைக் காட்டினாள். அவர் உள்ளே போய்க் கைகூப்பிக் கெஞ்சினார். மதினி அசையவில்லை.

கரண்ட் போனது.

வந்தவர் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்தார். மின்விசிறி சுற்றி ஓய்ந்ததும் வடிவு முந்தானையால் விசிறிக்கொண்டாள். பிறகு அரையிருட்டில் அவரை உற்றுப் பார்த்தாள்.

"இப்பத்தான் எந்திரிச்சியா தம்பி?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"வாங்கக்கா," என்றார்.

மதினி எழுந்தாள். அரசி அவருக்கும் காபி போடப் போனாள்.